ஈயம் வைத்த முனை

மீன் வாங்காத நாளில் வீட்டுக்குள் மீன் வாடை அடித்தால் யாரும் முதலில் பூனையைத்தான் சந்தேகப்படுவார்கள். ரொட்டிக்காரம்மாவும் அதைத்தான் செய்தாள். விளக்குமாற்றை எடுத்து அலமாரிக்கு அடியில் குத்திப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரி எதையாவது ஆய்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் விடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

ஓவனுக்குள் முதல் தட்டு வெந்துகொண்டிருந்தது. நாற்பது பன். ரொட்டி வேகும் வாசனையை இருபது வருஷமாக மோந்து மோந்து அவளுக்கு அது வாசனையாகவே தெரிவதில்லை. வேறு எதுவாக இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். மூக்கைப் பின்தொடர்ந்து போனாள். அது அவளைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தியது. ஓவனின் பிளக் சாக்கெட்டில் குத்தியது குத்தியபடி இருந்தது. புறங்கையால் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்க. பிளக்கு சுடுது."

"சுடாம? ரெண்டாயிரம் வாட்டு இழுக்குது. ஜில்லுனா இருக்கும்?" என்றார் வீட்டுக்காரர், உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"கை வைக்க முடியலங்க."

"கையை ஏன் அதுல வைக்கிற?"

இப்படிப் பேசுகிறவரோடு காலை நேரத்தில் மல்லுக்கட்ட முடியாது. எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரி கேண்டீனுக்கு நூற்றிருபது பன் போயாக வேண்டும். ஊரில் காய்ச்சல்காரர்களும் அறுவை முடிந்தவர்களும் டீயில் தொட்டுத் தின்னுவது அவள் பன்னைத்தான். ஒரு நாள் எட்டேகாலுக்குப் போனதற்கே கேண்டீன்காரர் நோயாளிகளின் சாபத்தையெல்லாம் அவள் தலையில் இறக்கினார். மூன்றாவது தட்டும் வெந்து இறங்கும்வரை பிளக்கை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்காரர் வயரிங் வேலைக்காரர். ஊரில் அவருக்கு ஈயக்காரர் என்று பெயர். மற்ற வயர்மேன்கள் வயரின் தோலை உரித்து, செம்பு இழைகளைக் கையால் முறுக்கி, ஸ்க்ரூவுக்கு அடியில் செருகி இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். முறுக்கிய முனையைச் சூட்டுக்கோலில் காட்டி, உருகிய ஈயத்தில் நனைத்து, ஆணி மாதிரி கெட்டியாக்கி, அதற்கப்புறம்தான் ஸ்க்ரூவுக்குக் கொடுப்பார். பார்க்க வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று இருக்கும். ஒரு இழைகூட வெளியே பிரிந்து நிற்காது. அவர் வைத்த முனையைப் பெண் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தப் பெருமையில் ரொட்டிக்காரம்மாவுக்கும் பங்கு இருந்தது. எத்தனையோ சாயங்காலம் வயரைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தவள் அவள்தானே.

அன்று சைக்கிளில் பன் கூடையோடு கிளம்புவதற்கு முன் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் பிளக்கைப் பிரித்தார். உள்ளே ஒரு பக்கம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினார். அரைச் சுற்று வந்தது.

"லூசா இருந்திருக்கு. நீ வயரைப் பிடிச்சு இழுத்திருப்ப."

"நான் எங்கங்க இழுத்தேன்? அது சுவத்துலயே கிடக்குது, நான் தொடுறதே இல்ல."

"அப்ப பூகம்பம் வந்திருக்கும். நமக்குத்தான் தெரியல." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஊருக்கு வெளியே எழும்புகிற அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு மூன்று வாரமாக வேலை. ஏழு மணிக்குள் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் பிளக் சும்மா இருந்தது. பிறகு மறுபடி மீன் வாடை.

இந்தத் தடவை சாக்கெட்டின் மேல் பழி விழுந்தது. "உள்ள இருக்கற பித்தளை தளர்ந்திருக்கும். இப்பல்லாம் பித்தளைன்னு தகரத்துக்குத்தான் பூச்சு பூசி விக்கிறானுங்க" என்றார். புது சாக்கெட் வந்தது. பழையதைக் கழற்றும்போது பிளக்கையும் பிரித்து ஒரு தடவை இறுக்கினார். அரைச் சுற்று வந்தது. பிளக்கை மூடி வைத்தார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஏன் மறுபடி அரைச் சுற்று என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது தடவை பிளக்கின் ஓரமே கருகி உருகியிருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்று சீக்கிரமே வேலையிலிருந்து திரும்பினார். புது பிளக்கும் கையுமாக வந்து, சமையலறை மேஜையில் துணியை விரித்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து சூட்டுக்கோலையும் ஈயச் சுருளையும் எடுத்து வைத்தார். சுருளின் மேல் தூசி படிந்திருந்தது. வேட்டி முனையால் துடைத்தார்.

"இங்க வா. வந்து பிடி" என்று கூப்பிட்டார்.

"மாவு பிசையணும்ங்க."

"அது இருக்கட்டும். வந்து பாரு, எப்படி வைக்கறேன்னு. அப்புறம் அதச் சரியா வைக்கல இதச் சரியா வைக்கலன்னு சொல்லக் கூடாது."

அவள் எதிரில் உட்கார்ந்து வயரைப் பிடித்தாள். குங்கிலியம் கருகுகிற மாதிரி ஒரு புகை எழுந்தது. செம்பு இழைகளுக்குள் ஈயம் நைசாக ஓடி இறங்கியது. முனை பளபளத்தது. "பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்றாள்.

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் வயரைப் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள். இதே மேஜை, இதே புகை. மூன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் இதே மாதிரி பன்னிரண்டு வயர்களை அவள் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். அத்தனையும் தையல் கூடத்து இஸ்திரிப் பெட்டிகளுக்கானவை.

தையல் கூடத்து வேலையைப் பிடித்தது அவளுடைய தம்பி. அவனும் வயர்மேன்தான், அத்தானிடம் தொழில் பழகி, பரீட்சை எழுதித் தனியாக லைசென்ஸ் வாங்கியவன். குழாய் பதித்தது, போர்டு அடித்தது எல்லாம் அவன். கடைசி நாளில் நேரம் போதவில்லை. அத்தான் அப்போதுதான் ஒரு வாரக் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தார். "முனையெல்லாம் நான் வச்சுத் தர்றேன், வீட்டுல கொண்டாந்து போடு" என்றார். வயர்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தம்பி தயங்கியபடி நின்றதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"அத்தான், ஸ்க்ரூவுக்கு அடியில ஈயம் வேணாம் அத்தான். அது மெத்துனு இருக்கும். நாளாக நாளாக அமுங்கிப் போகுது. வெறும் செம்பாவே குடுங்க."

"நீ அரை டவுசர் போட்டுட்டு அலைஞ்ச காலத்துல இருந்து நான் ஈயம் வைக்கறேன். எதுலயாச்சும் புகார் வந்திருக்கா?"

தொழில் சொல்லிக் கொடுத்தவர், அக்கா புருஷன். தம்பி எப்படி எதிர்த்துப் பேசுவான்? டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

ஆறு மாதம் கழித்துத் தையல் கூடத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டியின் பிளக் பற்றிக்கொண்டது. பக்கத்தில் அடுக்கியிருந்த துணிச் சுருள்கள் பிடித்தன. இஸ்திரி போடும் பெண் கையாலேயே பிளக்கைப் பிடுங்கப் போயிருக்கிறாள். உயிர் தப்பினாள், வலது கை தப்பவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பார்த்துவிட்டு, ரொட்டிக்காரம்மா சைக்கிளைத் திருப்பிப் பின்வாசல் வழியாகப் போனாள். அன்றிலிருந்து பின்வாசல்தான்.

விசாரணை நடந்தது. பிளக்கில் இணைப்பு தளர்ந்திருந்தது, வேலை சரியில்லை என்று எழுதினார்கள். வேலை யாருடையது? லைசென்ஸ் தம்பி பெயரில். "முனை வச்சது எங்க அத்தான்" என்று தம்பி சொன்னான். "எனக்குக் காய்ச்சல், படுக்கையில கிடந்தேன்" என்று அத்தான் சொன்னார். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

அதற்கு முந்தின நாள் தம்பி வந்திருந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேணாம். உன் கண்ணால பாத்ததச் சொல்லு, போதும்."

"நான் பாக்கலையேடா" என்றாள் அவள்.

இந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுநாள் விசாரணையிலும் அதையே சொன்னாள். அதற்கு அவள் வைத்திருந்த நியாயம் என்னவென்றால், ஈயம் வைத்த முனையில் குற்றம் வராது. இருபது வருஷமாகப் புருஷன் சொல்லி வந்ததும் அதுதான், அவள் கண்ணால் பார்த்ததும் அதுதான். அதனால் முனை வைத்தது யார் என்பதைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும், தம்பி கை பட்ட இடத்தில் இருக்க வேண்டும். இப்படித் தலைக்கு ஒரு தலையணையைத் தயார் செய்துகொண்டு மூன்று வருஷம் தூங்கினாள். தம்பியின் லைசென்ஸ் போயிற்று. இப்போது கிடங்கில் மூட்டை இறக்குகிறான். அதன் பிறகு அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

புது பிளக் பதினாறு நாள் தாங்கியது. பதினேழாம் நாள் இரண்டாவது தட்டு பாதி வெந்திருக்கும்போது வாடை வந்தது, கூடவே சுவரோரம் ஒரு சின்னப் புகை. வீட்டுக்காரர் அப்போதே கட்டடத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவள் சுவிட்சை அணைத்தாள். நாற்பது பன் வெளுத்துப்போய், நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டன. கேண்டீன்காரரிடம் போனில் பேசினாள். அவர் பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாகத் தானே பிளக்கைப் பிரித்தாள்.

முனை வெள்ளிக் கம்பி மாதிரிதான் இருந்தது. ஆனால் ஸ்க்ரூ பதிந்த இடத்தில் தட்டையாகியிருந்தது. வெண்ணெயில் கட்டை விரலை வைத்து அழுத்தினால் வெண்ணெய் பக்கவாட்டில் ஒதுங்குமே, அப்படி ஒதுங்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினாள். அரைச் சுற்று வந்தது.

முதல் தடவை அரைச் சுற்று. இரண்டாவது தடவையும் அதே. இன்று அவர் தன் கையால் இறுக்கிப் பதினாறே நாள் ஆன புது பிளக்கிலும் அதே அரைச் சுற்று. யாரும் இழுக்கவில்லை, பூகம்பமும் வரவில்லை. அது மெத்துனு இருக்கும், நாளாக நாளாக அமுங்கிப் போகுது என்று தம்பி சொன்னது இந்த மேஜையின் அந்தப் பக்கத்தில் நின்றுதான்.

கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பழுது பார்க்கிற ஒருவர் இருக்கிறார். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும் "எத்தனை நாளா இப்படி? சத்தம் எதுவும் உண்டா? சூடு இருக்கா?" என்று கேட்பதால் அவருக்கு டாக்டர் என்று பெயர். வயரை ஒரு முழம் நறுக்கி, பிளக்கோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனாள். டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"யாரும்மா இந்தப் புண்ணியவான்?"

"ஏன், என்ன தப்பு?"

"ஈயம் வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கான். பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா ஈயம் இளகுன சாமான்மா. ஸ்க்ரூ அழுத்துற அழுத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கும். ஒதுங்கினா லூசு. லூசானா சூடு. சூடானா இன்னும் ஒதுங்கும். இறுக்கி வச்சா பத்து நாள் நிம்மதி, மறுபடி பழைய குருடி."

"அப்ப ஒவ்வொரு தடவையும் அரைச் சுத்து வர்றது அதனாலதானா?"

"அட, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே. என் வயித்துல அடிச்சிராதீங்கம்மா." சிரித்தபடியே முனையை நறுக்கி அவள் பையில் போட்டார். வயரின் தோலை உரித்து, செம்பு இழைகளை முறுக்கி, குண்டூசி டப்பா மாதிரி ஒன்றிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை எடுத்து முனையில் மாட்டி, குறடால் நசுக்கினார். "இதுக்குப் பேரு லக்ஸ். இதை மாட்டி இறுக்கினா அசையாது. வீட்டுல இருக்கற வயருக்கும் ரெண்டு தர்றேன், இதே மாதிரி செஞ்சுக்கங்க. எந்த வயர்மேன்மா இந்தக் காலத்துலயும் ஈயம் வைக்கறான்?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அவரும் நம்ம தொழிலா?"

"ஈயக்காரர்னு சொன்னாத் தெரியும்."

டாக்டர் குறடைக் கீழே வைத்தார். "அவரா? இருக்காதும்மா. நல்லாப் பாத்தீங்களா? அவரு ஈயத்தைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சே. இந்த லக்ஸை நான் வரவழைக்கறதே பாதி அவருக்காகத்தான். இப்ப அந்த அடுக்குமாடிக்குக்கூட ஆயிரம் வாங்கிட்டுப் போனாரே."

அவள் பையின் காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷம்னா எப்ப இருந்து?"

"அந்தத் தையல் கூடம் எரிஞ்சதே, அதுக்கு அடுத்த வாரம். இதோ, நீங்க நிக்கற இடத்துலதான் நின்னாரு. முகமே சரியில்ல. 'ஈயம் வைக்காம என்ன வைக்கலாம்'னு கேட்டாரு. நான் இதை எடுத்துக் காட்டினேன். இனிமே இதுதான்னு வாங்கிட்டுப் போனாரு. ஊரெல்லாம் தான் வச்ச பழைய முனைங்களையும் நைசாப் போய் மாத்திட்டாரு போல. மனுஷன்னா அப்படி இருக்கணும்மா, தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கணும்."

தீ விபத்து நடந்து இருபது நாள் கழித்துத்தான் விசாரணை. கணக்குப் போட அவளுக்கு விரல்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் காய்ச்சல் கதையைச் சொன்ன அன்று அவருக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் அவள் உட்கார்ந்து ஆமாம் போட்ட அன்றும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் காட்டியபடியே லக்ஸ் மாட்டி, வேறு பிளக்கில் வைத்து இறுக்கி, ஒரு தட்டு பன்னை வேக வைத்தாள். பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள், சுடவில்லை. அவளுக்குத்தான் உடம்பு கொதித்தது. கட்டடத்துக்குப் போன் போட்டு, "உடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் மத்தியானத்துக்கு வந்தார். சாப்பாட்டைப் போட்டு, தண்ணீர் வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் லக்ஸ் போடுறீங்களாமே?"

கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எவன் சொன்னான்?"

"எவன் சொன்னா என்ன? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் ஈயம்?"

"பழைய சுருள் மிச்சம் இருந்துச்சு…"

"என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, பாரு பாருன்னு காட்டி வச்சீங்களே. அதான் கேக்கறேன். ஏன்?"

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஒரு பருக்கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டினார், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் முன்னாடி எப்படி மாத்தறது?" என்றார் கடைசியில். "ஈயம் ஈயம்னு ஆயுசு பூரா சொல்லிட்டு, திடீர்னு உன் கண்ணு முன்னாடி லக்ஸ் போட்டா, ஏன்னு கேப்ப. கேட்டா நான் என்ன சொல்றது?"

"அதுக்காக நான் இந்தச் சுவத்தோரம் வெந்து செத்தாலும் பரவால்லையா?"

"அப்படி விட்டுருவனா? மூணு வருஷமா வாரம் தவறாம நான்தானே இறுக்கிக்கிட்டு இருந்தேன். நீ பன்னு குடுக்கப் போற நேரத்துல பிரிச்சு ஒரு திருகு திருகிட்டுத்தான் வேலைக்குப் போவேன். இந்தக் கட்டட வேலை வந்ததும் நேரமில்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஏதோ செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனதைச் சொல்வது மாதிரி சொன்னார். அவளுக்குத் தெரியாமல் அவள் உயிரை வாரா வாரம் அரைச் சுற்று இறுக்கி வைத்திருக்கிறார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டவர், அதில் பத்தில் ஒரு பங்கு பாடுபட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை.

"நான் தம்பிகிட்டப் போறேன். எல்லாத்தையும் சொல்லி, விசாரிச்ச ஆபீசுலயும் எழுதிக் குடுக்கப் போறேன்."

"போ." அவர் எழுந்து கை கழுவினார். முதுகைக் காட்டியபடியே பேசினார். "போய் என்னன்னு சொல்லுவ? காய்ச்சல்ல கிடந்தேன்னு நான் வாயாலதான் சொன்னேன். நீதானே கையெழுத்துப் போட்ட?"

கிடங்கு ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் அடையாளமே தெரியாமல் எல்லோரும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். தம்பிதான் அவளை முதலில் பார்த்தான். தோளில் இருந்த மூட்டையை இறக்கிவிட்டு, குழாயடியில் முகத்தையும் தலையையும் கழுவிக்கொண்டு வந்தான். கழுவிய பிறகும் முடியில் பாதிக்கு மேல் வெளுத்தே இருந்தது, அது சிமெண்டு இல்லை, நரை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளைவிட ஏழு வயது சின்னவன்.

அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான். பிளக்கையும் டாக்டர் நறுக்கிய முனையையும் கையில் கொடுத்தாள். தட்டையாகியிருந்த முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றான்.

அக்கா என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவள் மனசு நாய்க்குட்டி மாதிரி அவன் காலைச் சுற்றியது.

"எழுதிக் குடுத்தா லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமாடா?"

"தெரியல. கிடைக்காட்டியும் பேராவது மாறும். இப்ப ஒரு பல்பு மாட்டக்கூட ஒருத்தனும் என்னைக் கூப்பிடறதில்ல. போன மாசம் வீட்டுல ஃபேன் நின்னு போச்சு. நான் வேலைக்கு வந்த நேரத்துல என் பொண்டாட்டி வெளி ஆளைக் கூப்பிட்டுப் பாத்திருக்கா. ஏன்டின்னு கேட்டா, பிள்ளைங்க தூங்கற ரூம்ங்கறா." சொல்லும்போது சிரித்தான். "நாளைக்கு அரை நாள் லீவு சொல்றேன். பத்து மணிக்கு ஆபீஸ் வாசல்ல நில்லு. பின்வாங்கிட மாட்டியே?"

"மாட்டேன்டா. எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் சரி. உனக்காக இதைக்கூடச் செய்யலைன்னா நான் என்ன அக்கா?"

மறுநாள் வழி நெடுக இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆபீசில் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். என் தம்பிக்காக வந்தேன். மனசு பொறுக்கவில்லை, வந்தேன்.

அதிகாரி வயசானவர், பொறுமைசாலி. பழைய கோப்பைத் தேடி எடுக்கவே முக்கால் மணி ஆயிற்று. நாடாவை அவிழ்த்து, அவள் அன்று கொடுத்த வாக்குமூலத்தை அவளுக்கே வாசித்துக் காட்டினார். 'என் கணவர் அந்த வாரம் முழுவதும் காய்ச்சலில் படுத்திருந்தார். எந்த வேலையும் செய்யவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை.' கீழே அவளுடைய கையெழுத்து, கொஞ்சமும் கோணாமல் இருந்தது.

"இது பொய்ங்கறீங்க?"

"ஆமா சார்."

"முனை வச்சதை நீங்க பாத்தீங்களா?"

"வயரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததே நான்தான் சார். பன்னெண்டு வயரும்."

அவர் எழுதினார். பேனா நின்று நின்று எழுதியது. தம்பி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வெளுத்த சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தான்.

"மாத்திச் சொன்னதுக்கு உங்க மேல நடவடிக்கை வரலாம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இதுல எழுதியாகணும்." அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்பக் கேட்டார். "மூணு வருஷமா சும்மா இருந்திருக்கீங்க. இப்ப ஏன் வந்தீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லிச் சொல்லிப் புளித்துப் போனதாலோ என்னவோ, அந்த அறையில் வைத்து அவள் வாய் அன்று உண்மையை மட்டும்தான் பேசுவேன் என்று நின்றது.

"எங்க வீட்டு பிளக்கு சுட ஆரம்பிச்சுது சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஒரு பெண்ணின் கை வெந்தபோது அவள் வரவில்லை. கூடப்பிறந்தவன் மூட்டை தூக்கப் போனபோது வரவில்லை. தன் வீட்டுச் சுவரோரம் புகை வந்ததும் வந்திருக்கிறாள். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே ஒரு சொல் குறையாமல் எழுதிக்கொண்டார்.

அவள் மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தனக்குத் தெரிந்த ஒன்றை யாரோ எழுத்தில் காட்டின மாதிரி அவன் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். பிறகு கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தான். அவள் இருந்த பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"இந்தம்மா எங்க கையெழுத்துப் போடணும் சார்?"

அதிகாரி காகிதத்தைத் திருப்பி வைத்து இடத்தைக் காட்டினார். அவள் போட்டாள்.